கிராணி மேசை: பால் யார் வெட்டினாலும் காசு பேருக்குத்தான்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் கிராணியாக, அதாவது தோட்ட அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், சிறு தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானியம் பற்றியவைதான். மழை தொடங்கிவிட்டது, மரத்தில் கத்தி வைக்க முடியவில்லை, கையில் காசு இல்லை. அப்போதுதான் நமக்கு பாரம் (விண்ணப்பப் படிவம்) எல்லாம் ஞாபகத்துக்கு வரும். நானும் அப்படித்தான்.

கேள்வி: ஐயா, லிந்தாங் பக்கம் ஒருவருடைய 4 ஏக்கரில் பாதிக்குப் பாதி பேசி ரப்பர் பால் வெட்டுகிறேன். ஏழு வருஷமாகிறது. ரப்பர் விலை இறங்கினால் அரசாங்கம் கொடுக்கும் ஊக்கத்தொகை நிலக்காரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. கேட்டால், "நிலம் என்னுடையது, அது எனக்கு வருகிற காசு" என்கிறார். நியாயமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் மானியம் நியாயத்தைப் பார்த்து வருவதில்லை, பெயரைப் பார்த்து வருகிறது. முதலில் அந்தக் காசு என்ன காசு என்று சொல்லிவிடுகிறேன், பலர் இன்னமும் இதை ஏதோ வெள்ள நிவாரணம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் பெயர் இன்செண்டிஃப் பெங்கெலுவாரான் கெத்தா, சுருக்கமாக ஐ.பி.ஜி. 2015-இல் தொடங்கியது. மலேசிய ரப்பர் வாரியம் நடத்துகிறது. மங்கிலேயே (பால் வடியும் கிண்ணத்திலேயே) உறைந்த கட்டிப்பாலுக்கு, உலர் ரப்பர் 50 விழுக்காடு என்ற கணக்கில், கிலோவுக்கு ஒரு விலையைக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். முன்பு அது 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. 2023-இல் 2 வெள்ளி 70 காசு ஆனது. 2024 ஜனவரியில் 3 வெள்ளி ஆக்கினார்கள். அந்த மாதத்துச் சராசரி விலை கோட்டுக்குக் கீழே இறங்கினால், குறைகிற தொகையை விற்ற கிலோவுக்குத் தகுந்த மாதிரி தருவார்கள். சராசரி 2 வெள்ளி 80 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 20 காசு. நீங்கள் 300 கிலோ விற்றிருந்தால் 60 வெள்ளி. விலை 3 வெள்ளியைத் தாண்டிய மாதத்தில் ஒன்றும் கிடையாது. அதற்காக அலுவலகத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள், போன வருஷம் ஒருவர் போட்டார்.

இப்போது உங்கள் விஷயம். இந்தக் காசு கிடைக்க பாட்-ஜி என்ற அட்டை வேண்டும். உரிமம் உள்ள வியாபாரியிடம்தான் விற்க வேண்டும். விற்பனை பதிவாக வேண்டும். இப்போது அதை ஆர்.ஆர்.ஐ.எம்.நியாகா என்ற செயலியில் செய்கிறார்கள். அட்டை நிலக்காரருக்கு மட்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பு. பால் வெட்டுகிறவரும் தன் பெயரில் அட்டை எடுக்கலாம். ஆனால் அவருடைய நிலத்தில் நீங்கள் வெட்டுகிறீர்கள் என்று நிலக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். ஏழு வருஷமாக வாய்ப்பேச்சில் ஓடியதை இப்போது காகிதத்தில் கொண்டுவரச் சொன்னால் அவர் முகம் மாறும்.

அதனால் "காசைப் பங்கு போடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் விற்கப் போகும்போது என் பெயரும் பதிவில் இருந்தால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிப் பாருங்கள். பால் விற்ற காசு பாதிக்குப் பாதி என்றால் பதிவிலும் அப்படியே இருக்கட்டும். அவர் கடைசிவரை மறுத்தால், உங்கள் கூலிப் பேச்சை மாற்றலாம்: ஊக்கத்தொகை அவருக்கு, அதற்குப் பதில் உங்களுக்கு நூற்றுக்கு 55. எங்கள் பக்கம் இரண்டு பேர் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. வியாபாரி கொடுக்கும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது. என்னிடம் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. ஒரு வருஷம், வீட்டு வாசலுக்கே லாரி கொண்டுவந்து கிலோவுக்கு 10 காசு கூடக் கொடுத்த ஒரு ஆளிடம் நான்கு மாதம் விற்றேன். சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. அந்த நான்கு மாதமும் விலை கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. கிலோவுக்கு 10 காசுக்கு ஆசைப்பட்டு அதைவிடப் பெரிய காசை விட்டேன். ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுக்கிற கிராணி! என் மனைவி இன்றுவரை விடுவதில்லை, லாரி சத்தம் கேட்டாலே என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

கேள்வி: என் மகள் கல்யாணமாகி அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் இருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் அரசாங்கத்திடம் எவ்வளவு மானியம் வாங்கினார் என்பதை இணையத்தில் பெயர் போட்டே பார்க்கலாம் என்கிறாள். உண்மையா? அங்கே இந்தப் பணம் எப்படி வருகிறது?
– வாசகி, ஈப்போ

பதில்: உண்மைதான் அம்மா. அங்கே மாநிலத்துக்குள் கவுண்டி என்று இருக்கும், நம்ம ஊர் டாயெரா (மாவட்டம்) மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள். விவசாய இலாகாவின் பண்ணைச் சேவை அலுவலகம் கவுண்டி வாரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த வட்டாரத்து விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று கூடவே இருக்கும், மூன்று வருஷப் பதவி. கொடுத்த பணத்தின் கணக்கு பொதுமக்கள் கேட்டால் கொடுக்க வேண்டிய ஆவணம். ஈ.டபிள்யூ.ஜி. என்ற தன்னார்வ அமைப்பு அதைக் கேட்டு வாங்கி, 1995 முதலான கணக்கைப் பெயரோடு இணையத்தில் போட்டுவிட்டது. யார் எவ்வளவு வாங்கினார் என்று டீக்கடையிலேயே பேசலாம். நம் பக்கம் அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. இருந்தால் எத்தனை கல்யாணம் நிற்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பணம் வரும் வழியில் ஒன்று நம் ஐ.பி.ஜி.யின் அண்ணன் மாதிரி இருக்கும். சோளத்துக்கு ஓர் ஆதார விலை. 2014 சட்டத்தில் ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 3 டாலர் 70 காசு. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. நாம் விற்ற கிலோவுக்குத்தான் நமக்குக் காசு. அங்கே பழைய பதிவில் அந்த நிலத்துக்கு எத்தனை ஏக்கர் சோளம் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு, அதிலும் 85 விழுக்காட்டுக்கு. இந்த வருஷம் அவர் சோயா போட்டிருந்தாலும் சோளத்துக்கான காசு வரும். முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பயிரே போடாமல் இருப்பதற்கும் காசு உண்டு. 1985-இல் வந்த திட்டம் ஒன்றில், மண் அரிக்கும் நிலத்தைப் 10 முதல் 15 வருஷத்துக்குப் புல்லும் மரமுமாக விட்டுவைத்தால் வருஷா வருஷம் வாடகை மாதிரி கொடுக்கிறார்கள். 1933-இல் விலை படுத்துக் கிடந்தபோது, வளர்ந்த பருத்தியை உழுது புதைக்கவும் அரசாங்கமே காசு கொடுத்தது, பன்றிக் குட்டிகளை 60 லட்சம் வரை வாங்கி அறுத்தது. அந்த நாட்டில் அப்போது பசித்துக் கிடந்தவர்கள் அதற்காகத் திட்டினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

உங்கள் கேள்வியைப் பாட்டு மாதிரி இழுக்கிறேன் என்று தெரிகிறது. இதைச் சொல்லக் காரணம் முதல் கேள்வி கேட்ட தம்பிதான். அமெரிக்காவிலும் நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்ற கதை உண்டு. அங்கே ரொக்கக் குத்தகை என்றால் மானியம் முழுக்கக் குத்தகைக்காரருக்கு. விளைச்சலைப் பங்கு போடும் குத்தகை என்றால் அதே பங்கின்படி இருவருக்கும். விதியிலேயே எழுதிவிட்டார்கள். லிந்தாங் நிலக்காரர் இதைப் படிப்பார் என்று நம்பவில்லை, தம்பி கத்தரித்துக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

கேள்வி: செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் டீசல் ஹைலக்ஸ் மருமகன் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். டீசலுக்குக் கொடுக்கும் 200 வெள்ளி எனக்குக் கிடைக்குமா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: வண்டிக்காகக் கேட்டால் மருமகனுக்கு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும், ரோட்டு வரியும் உயிரோடு இருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே ராத்திரியில் ஏறியபோது வந்த உதவி இது. சிறு தோட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. அதற்கு உங்கள் பெயர் செம்பனை வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். குலை விற்க அந்த உரிமம் எப்படியும் வேண்டும். இல்லாமல் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் 200 வெள்ளியை மறந்துவிட்டு முதலில் அதை எடுங்கள்.

கேள்வி: அப்பா 2009-இல் காலமானார். 3 ஏக்கர் பால்மரம். கிராண்ட் (நிலப் பட்டா) இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அம்மா இருக்கிறார், நாங்கள் ஐந்து பேர். தம்பிதான் வெட்டுகிறான். மரமெல்லாம் 30 வயதைத் தாண்டிவிட்டது. மறுநடவுக்கு ரிஸ்டா அலுவலகத்தில் கேட்டால் நிலக்காரர் வரச் சொல்கிறார்கள். அப்பாவை எங்கே போய்க் கூட்டிவருவது? அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், "எனக்கு வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்கிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இந்த ஒரு கேள்வியை மட்டும் வருஷத்துக்கு இருபது பேர் என்னிடம் கேட்கிறார்கள். மளிகைக்கடை ஓரத்தில் ஞாயிறு காலை நான் மேசை போட்டு உட்காருவதே பாதி இதற்காகத்தான். நம் ஆட்களுக்கு நிலம் வாங்குகிற தைரியம் உண்டு, செத்த பிறகு பெயர் மாற்றுகிற பழக்கம் கிடையாது. பெயர் மாற்றினால் அப்பா போய்விட்டார் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, வேலையைப் பார்ப்போம். இது சின்னச் சொத்து. வக்கீலிடம் போய் உயர் நீதிமன்றம் வரை அலைய வேண்டாம். 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தில் நில அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளலாம். முன்பு 20 லட்சம் வெள்ளிவரை உள்ள சொத்துக்குத்தான் அந்த வழி. 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் வரை. உங்கள் 3 ஏக்கர் எங்கேயோ கீழே நிற்கும். 'பாரம் ஏ' என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகள் அனைவரின் மைகார்ட் (அடையாள அட்டை), பிறப்புச் சூரை (சான்றிதழ்). பிறகு பிச்சாரா என்று ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எல்லா வாரிசும் வர வேண்டும், வர முடியாதவர் ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் அண்ணன் போனில் "வேண்டாம்" என்றது செல்லாது. காகிதத்தில் "வேண்டாம்" என்று எழுதி முறைப்படி கையெழுத்துப் போட வேண்டும்.

பங்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவருக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். உங்கள் தாத்தா பாட்டி இருவரும் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாத்தாவோ பாட்டியோ அப்போது உயிரோடு இருந்திருந்தால் கணக்கு மாறும்: பெற்றோருக்குக் கால், அம்மாவுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. முதல் கணக்கில் அம்மாவுக்கு ஓர் ஏக்கர், உங்கள் ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பத்தில் நான்கு பங்கு. பெண் பிள்ளைக்கும் அதே அளவுதான். இதை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு என்ன பங்கு" என்று கேட்கிற மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் கீழே, தனித்தனி நிலமாக உடைக்க நிலச் சட்டம் விடாது. ஆகவே வேலி போட்டு ஆறு துண்டாக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கிராண்டில் ஆறு பெயரும் பங்கோடு ஏறலாம், அல்லது மற்றவர்கள் விட்டுக் கொடுத்துத் தம்பி பெயருக்கும் அம்மா பெயருக்கும் வரலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது. ஆறு பெயர் ஏறினால் ஒவ்வொரு பாரத்துக்கும் ஆறு கையெழுத்து. இன்று அண்ணன் சிங்கப்பூர், நாளை அவர் பிள்ளைகள் ஆஸ்திரேலியா. அம்மாவின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தம்பி நல்லவன்தான், அதைச் சந்தேகப்படவில்லை. இருந்தாலும் அம்மாவின் பெயர் இருக்கட்டும்.

பெயர் மாறிய பிறகு ரிஸ்டா. 1973-இல் தொடங்கிய அமைப்பு அது, சிறு தோட்டக்காரருக்கு மறுநடவு உதவி செய்வதுதான் அதன் முக்கிய வேலை. காசைக் கட்டாகக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கன்று, உரம், மருந்து என்று பொருளாகவும், கட்டம் கட்டமாகவும் வரும், ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு மரத்தில்கூட ரம்பம் வைக்காதீர்கள். விறகுக்காரன் நல்ல விலை கேட்கிறான் என்று முன்கூட்டியே சாய்த்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கன்று வைத்தபின் ஐந்தாறு வருஷம் பால் கிடையாது. அந்தக் காலத்துக்குத் தம்பி என்ன செய்வான் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். நடுவில் வாழையோ மரவள்ளியோ போடலாம், குரங்கு விட்டுவைத்தால்.

கேள்வி: தோட்டத்தில் 38 வருஷம் பால் வெட்டினேன். விடிகாலை 5 மணிக்கு விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போனவள். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது என்கிறார்கள், எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லையே, ஏன்? இப்போது பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு மாக்சிக்கின் (மலாய் அம்மாவின்) இரண்டு ஏக்கரில் வாரத்துக்கு மூன்று நாள் வெட்டுகிறேன்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, நீங்கள் எந்த நிரையில் வெட்டினீர்கள் என்று ஒருவேளை என் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) புத்தகத்திலேயே இருக்கும்.

இந்த ஊக்கத்தொகை சிறு தோட்டத்துக்கு மட்டும், 100 ஏக்கருக்குக் கீழே. பெரிய தோட்டத்தில் மரமும் பாலும் கம்பெனிக்கு, தொழிலாளிக்குச் சம்பளம். விலை விழுந்தால் கம்பெனிக்கு நஷ்டம், உங்களுக்குக் கூலி என்று கணக்குப் போட்டு உங்களை அந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. விலை விழுந்த வருஷங்களில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று அந்தப் புத்தகங்களை எழுதிய எனக்குத் தெரியும். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, 2025 பிப்ரவரியிலிருந்து. நீங்கள் தோட்டத்தில் கத்தியைக் கீழே வைத்தபிறகு வந்தது.

நம்மிடம் நிலம் இருந்திருந்தால் பட்டியலில் நாமும் இருந்திருப்போம். 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டாடியபோது, லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) விட்டு வெளியேறியவர்கள் நம் ஆட்கள்தான். அந்த நேரத்தில்தான் நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். என் அப்பா மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார். சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிய செய்தி வந்தபோது, தான் பார்த்தே இராத அந்தத் தோட்டத்தை "நம்ம தோட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், அம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்களே கவனிக்கவில்லை. மாக்சிக்கின் இரண்டு ஏக்கர் சிறு தோட்டம்தானே? அங்கே நீங்கள் பால் வெட்டுகிறவர். மேலே தம்பிக்குச் சொன்ன பாட்-ஜி அட்டையை நீங்களும் எடுக்கலாம். மழைக்காலத்தில் வெட்ட முடியாமல் போகிறவர்களுக்கு ஓர் உதவித்தொகை தனியாக உண்டு, 2023 பட்ஜெட்டில் அது 800 வெள்ளி. அதற்கும் பதிவுதான் அடிப்படை. மாக்சிக்கையும் மைகார்டையும் கூட்டிக்கொண்டு, வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கணக்கில் ரொம்ப நாளாகக் காசு போடாமல் எடுக்காமல் இருந்தால் முதலில் வங்கியில் போய் அதை எழுப்பிவிட்டு வாருங்கள். தூங்குகிற கணக்குக்கு அனுப்பிய காசு திரும்பிப் போய்விடும்.

கேள்வி: பாரம் நிரப்ப எவ்வளவு வாங்குகிறீர்கள்? ஒருவர் 150 வெள்ளி கேட்டார்.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: ஒன்றும் வாங்குவதில்லை. பாட்-ஜி அட்டைக்கு 150 வெள்ளி கேட்கிறவர் வாரியத்துக்காரர் இல்லை, கொடுக்காதீர்கள். வரும் ஞாயிறு மட்டும் நான் மேசையில் இருக்க மாட்டேன், தங்கை வீட்டு விசேஷம். அதற்கடுத்த ஞாயிறு 8 மணிக்கு வாருங்கள். கிராண்ட் நகலை மடிக்காமல் கொண்டுவாருங்கள், மடித்த இடத்தில் லாட் எண் தெரிவதில்லை.